எட்டு ஆம்பியர்

பிப்ரவரி 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்பது உன் அக்காவின் உத்தரவு. எழுதிவிட்டேன். நீ விளக்கு மாட்டுகிற சுரங்கத்துக்குள் எந்நேரமும் தண்ணீர் சொட்டுகிறது என்று எழுதியிருந்தாயே, ஈரக் காலுறையோடு தூங்கிவிடாதே. அந்த மலையில் போனுக்குச் சிக்னல் இல்லாததும் ஒருவகையில் நல்லதுதான். பத்து நாளுக்கு ஒருமுறை சாமான் லாரி வரும்போதாவது நீ நாலு வரி எழுதுகிறாய்.

விஷயம் பேட்டரி. போன விடுமுறையில் என் பழைய மோட்டார் சைக்கிளின் இன்ஜினைக் கழற்றி, படிக்கட்டுக்கு அடியில் சாக்கு போட்டு மூடிவிட்டு, பதினாறு செல்லை அடுக்கி ஒரு பெட்டி கட்டி, அதைப் பேட்டரி வண்டியாக்கிக் கொடுத்தாய் அல்லவா? ஐந்து மாதம் ராஜா மாதிரி இருந்தது. இப்போது பாதியிலேயே பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. நீ போனில் ஏற்றிக்கொடுத்த செயலியைப் பார்த்துக் கீழே குறித்திருக்கிறேன். எடைமேடையில் பத்தொன்பது வருஷம் லாரி எடை எழுதிய கை இது. எண்ணில் தப்பு இருக்காது.

முழு சார்ஜில்: 54 வோல்ட்.
ஓடும்போது: 8 ஆம்பியர்.
அணைந்தபோது: ஒன்பதாம் செல் 2.5, மற்ற செல்லெல்லாம் 3.1.
ஓடிய கிலோமீட்டர்:

என்ன செய்யலாம் என்று சீக்கிரம் எழுது.

அத்தான்

டேய் பல்பு, உங்க அத்தான் பேட்டரிக்கு வைத்தியம் பாக்குற ஜோர்ல எனக்கு ஒரு வாய் காபி போட்டுத் தர ஆள் இல்ல. நீ ஒழுங்கா சாப்பிடு. மெலிஞ்சு வந்து நின்னா வாசல்லயே நிக்க வச்சிடுவேன். அக்கா.


பிப்ரவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

கால் காய்ந்திருக்கிறது, வயிறு நிறைந்திருக்கிறது, தலைக்கு மேல் இருக்கிற மலை இதுவரை விழவில்லை. இதற்கு மேல் என்ன சௌக்கியம் வேண்டும்? அக்காவுக்கு இருமல் எப்படி இருக்கிறது? நூற்பாலை வேலையை விட்டபிறகு குறைந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். சந்தோஷம்.

நோயாளி ஒன்பதாம் செல்தான். மற்ற பதினைந்தும் தெம்பாக இருக்கும்போதே அது மூச்சுவாங்கி உட்கார்ந்துவிடுகிறது. ஒன்று உட்கார்ந்தால் பெட்டிக்குள் இருக்கிற காவல் பலகை மொத்தத்தையும் அணைத்துவிடும். அதன் வேலையே அதுதான். அந்த ஒன்பதாவதை நான் கடைசி நாள் அவசர அவசரமாக மாட்டினேன். அக்கா பின்னால் நின்றுகொண்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பிடுங்கி எடுத்தாள். பழி அவள்மேல்.

அதிருக்கட்டும், எடைக்கல் அத்தானே! எட்டு ஆம்பியரில் வண்டி ஓட்டுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். ஓட்டுகிறீர்களா, தள்ளிக்கொண்டு போகிறீர்களா? அப்புறம் கிலோமீட்டர் கட்டத்தை ஏன் காலியாக விட்டீர்கள்? லாரிக்காரனுக்கு இப்படிப் பாதிச் சீட்டு கொடுத்தால் சும்மா விடுவானா? அடுத்த கடிதத்தில் ஒரு வாரக் கணக்கு வேண்டும், கிலோமீட்டரோடு.

பல்பு


மார்ச் 2
(இது அனுப்பப்படவில்லை)

மாப்பிள்ளை,

எனக்கு எண்ணில் பொய் எழுத வராது. அதனால்தான் கட்டம் காலியாக இருக்கிறது.

வண்டி நவம்பரிலிருந்து ஸ்டாண்டில் நிற்கிறது. நான் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். பேட்டரிப் பெட்டியைக் கழற்றி உன் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதில் ஓடுவது வண்டி இல்லை. அவளுடைய ஆக்ஸிஜன் மிஷின்.

பஞ்சுத் தூசி நுரையீரலில் படிந்து கெட்டியாகிவிட்டது என்கிறார் டாக்டர். அதைச் சரி செய்ய முடியாதாம். மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டால் உட்கார்ந்து பேசுகிறாள், கேலி செய்கிறாள். குழாயைக் கழற்றினால் வாசல் வரை நடக்க முடியாது. கரண்ட் இருக்கும்வரை கவலையில்லை. பகலில் இரண்டு மணி, மூன்று மணி நேரம் போய்விடுகிறது. எங்கள் ஆபீசில் ஒதுக்கிப் போட்ட இன்வெர்ட்டரைக் கேட்டு வாங்கிவந்து உன் பெட்டியோடு இணைத்தேன். ஒரு சிலிண்டரும் இருக்கிறது. அதன் திருகை அவளால் தனியாகத் திறக்க முடியாது.

உன்னிடம் சொல்லிவிடலாமா என்று அவளிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "அப்பா படுத்தப்ப பரீட்சைய விட்டுட்டு ஓடி வந்தான். அதோட அவன் படிப்பு போச்சு. அக்டோபர்ல அவனை நிரந்தரம் பண்றாங்க. அதுவரைக்கும் நீங்க வாயத் திறந்தா நான் உங்ககூடப் பேசவே மாட்டேன்" என்கிறாள். பேசமாட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்கியது. சிரித்துவிட்டோம்.

இந்தத் தாளை அவள் பார்த்துவிட்டாள். கையை நீட்டுகிறாள்.


மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அங்கேயும் அப்படியே இருக்கட்டும். கடிதம் இரண்டு நாள் தாமதம். முதலில் எழுதிய தாளில் அடித்தல் விழுந்துவிட்டது, கிழித்துவிட்டேன். அடித்தல் திருத்தல் உள்ள சீட்டு எங்கள் மேடையில் செல்லாது, லாரியைத் திரும்ப ஏற்றித்தான் எடை போடவேண்டும். உனக்கும் அதே மரியாதைதான்.

ஒரு வாரக் கணக்கைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். ஏழு நாளும் 8 ஆம்பியர். ஏழு நாளும் அணைந்தது, ஏழு நாளும் ஒன்பதாம் செல்லால்தான். கிலோமீட்டர் கேட்காதே.

ஒரு வித்தை கண்டுபிடித்திருக்கிறோம். அணைந்ததும் அறுபது வரை எண்ணிவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினால் எழுந்துகொள்கிறது. இன்னும் கால் மணி நேரம் தள்ளலாம். அப்புறம் இன்னொரு அறுபது. இப்படி நாலைந்து தடவை வருகிறது. இதைக் கண்டுபிடித்தது உன் அக்காதான். இதனால் கெடுதல் ஒன்றும் இல்லையே?

புது செல் கிடைக்குமா?

அத்தான்

பல்பு, அறுபது எண்ணுறதுல நான் இப்ப கெட்டிக்காரி. ஸ்கூல்ல வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாம முட்டி போட்டவ இவதான்னு நீ யார்கிட்டயும் சொல்லிடாத. அக்கா.


மார்ச் 23

அன்புள்ள அத்தானுக்கு,

நலம் விசாரிப்பையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் திட்டிவிடுகிறேன்.

அந்த அறுபது எண்ணுகிற வித்தையை இன்றோடு நிறுத்துங்கள். களைத்து விழுந்தவனைத் தட்டி எழுப்பித் தட்டி எழுப்பி மூட்டை தூக்கச் சொல்வது அது. அப்படி அடிமட்டம் வரை உறிஞ்சிவிட்டு மறுபடி சார்ஜ் போட்டால் அந்த செல் உப்பும், புகையும், சில சமயம் தீயே பிடிக்கும். நீங்கள் பெட்டியை வீட்டுக்குள் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறீர்கள். அக்கா படுக்கிற அறை பத்தடி தள்ளி. நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. இங்கே ஒரு ஷெட்டில் அப்படி ஒன்று எரிந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அதனால் ஒரு பூட்டு போடவேண்டும். செயலியைத் திறங்கள். அமைப்பு என்ற பக்கத்தில் கடைசி வரி, 'அணைந்தபின் எழுவது'. அதில் 'சார்ஜர் மாட்டினால் மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துவிடுங்கள். அதன்பிறகு அணைந்தால் அணைந்ததுதான். நீங்கள் அறுபது என்ன, ஆறாயிரம் எண்ணினாலும் எழாது. எங்கேயாவது வழியில் நின்றுபோனால் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போங்கள். வண்டி நின்றால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

புது செல்லுக்குச் சொல்லிவிட்டேன். வந்ததும் லாரியில் அனுப்புகிறேன். அதுவரை பூட்டு இருக்கட்டும். எனக்காகப் போடுங்கள், அத்தான். அக்காவுக்காகப் போடுங்கள்.

பல்பு


ஏப்ரல் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வீட்டில் எல்லாம் வழக்கம்போல. நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மழையில் மலைப்பாதை சரிந்து உங்கள் லாரி எட்டு நாள் நின்றுவிட்டதாமே. உன் கடிதமும் அதற்குள் இருந்த திட்டும் நேற்றுத்தான் கைக்கு வந்தன. திட்டுக்கு நான் ஏற்றவன்தான்.

தீ என்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ சொன்னபடியே செய்துவிடுகிறேன். பூட்டு போட்டால் நேரம் எவ்வளவு குறையும் என்று நீ எழுதவில்லை. புது செல்லைக் கொஞ்சம் அவசரப்படுத்து.

அத்தான்

பல்பு, எனக்கு ஒண்ணும் இல்ல. அக்டோபர்ல வா. அக்கா.


ஏப்ரல் 17

மாப்பிள்ளை,

அடிவாரத்து அலுவலகத்துக்கு அன்றே போன் செய்தேன். பாதை மறுபடி சரிந்துவிட்டது, செய்தி மேலே போக நாளாகும் என்றார்கள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் யாராவது உன்னிடம் சொல்லியிருந்தால் நல்லது.

பதினாலாம் தேதி பிற்பகல் உன் அக்கா போய்விட்டாள்.

நூற்பாலைத் தூசியால் வந்த நுரையீரல் நோய். ஏழு மாதமாக இருந்தது. உனக்குச் சொல்லக்கூடாது என்று என் வாயைக் கட்டிப்போட்டிருந்தாள். கட்டுப்பட்டது என் தப்புதான். காரியமெல்லாம் முடிந்துவிட்டது. நீ வரும்வரை வைத்திருக்க முடியவில்லை.

கஷ்டப்படவில்லை. அப்படியே தூங்கினமாதிரி போய்விட்டாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். அவள் சொல்லச் சொல்வதாக இருந்தால் இதைத்தான் சொல்லச் சொல்லியிருப்பாள்.

அத்தான்


மே 3

அத்தானுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவேண்டும். கேட்கிறேன். சாப்பிடுகிறீர்களா?

செய்தி ஆறு நாள் கழித்து வந்தது. அன்று நான் விளக்குக் கம்பத்தில் இருந்தேன். கீழே இருந்து மேஸ்திரி கத்திச் சொன்னார். இறங்கிவந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். பாதை அடைபட்டுக் கிடந்ததால் உடனே கிளம்பி வரவும் வழியில்லை. எனக்கு அக்காமேல் கோபம் கோபமாக வந்தது. செத்துப்போனவள்மேல் இப்படிக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் பழைய கடிதங்களையெல்லாம் திரும்ப எடுத்துப் படித்தேன், அவள் கையெழுத்துக்காக. அடியில் எழுதிய வரிகள் ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. நான் கவனிக்கவில்லை.

அப்புறம் உங்கள் எண்களைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் கிளம்பும்போது நாற்பது ஆம்பியர் இழுக்கும், ஏற்றத்தில் அறுபது இழுக்கும், இறக்கத்தில் ஒன்றும் இழுக்காது. உங்கள் தாளில் ஏழு நாளும் ஒரே எட்டு. நான் அதைப் பார்த்தேன், அத்தான். பார்த்துவிட்டுக் கேலி செய்தேன். நான் மாட்டிய செல்லைப் பற்றிய கவலைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

எங்கள் முகாம் மருத்துவ அறையில் ஓர் ஆக்ஸிஜன் மிஷின் இருக்கிறது. அதற்கு லைன் இழுத்ததே நான்தான். நேற்றுப் போய் அதன் முதுகில் இருக்கிற தகட்டைப் படித்தேன். நானூறு வாட். ஐம்பது வோல்ட்டில் அதை ஓட்டினால் எட்டு ஆம்பியர்.

நீங்கள் ஒன்றும் விளக்கவேண்டாம். ஆறுதலும் சொல்லவேண்டாம். எனக்கு ஒரே ஓர் எண் வேண்டும். அந்தப் பூட்டை எந்தத் தேதியில் போட்டீர்கள்? மற்றதில் எதை வேண்டுமானாலும் மறைப்பீர்கள். எண்ணில் பொய் எழுதமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பல்பு


மே 14
(இது அனுப்பப்படவில்லை)

மாப்பிள்ளை,

12.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் போட்டேன். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். எழுந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். எழுந்தபோது, சொன்னால் பயந்துகொள்வாளே என்று தோன்றியது. புது செல் எப்படியும் நாலு நாளில் வந்துவிடும், எதற்கு அவளைப் பயமுறுத்தவேண்டும் என்று விட்டுவிட்டேன். உன் திட்டுக் கடிதத்தையும் அவளுக்குக் காட்டவில்லை, வெறும் தாளின் அடியில் அவளை முதலில் எழுதவைத்துவிட்டு மேலே நான் எழுதினேன். மறைத்து மறைத்து எனக்கு அதுவே பழக்கமாகிவிட்டது. உன்னிடம் மறைத்தேன், கடைசியில் அவளிடமும் மறைத்தேன்.

பதிமூன்றாம் தேதி கரண்ட் போகவில்லை. பதினாலாம் தேதி காலை பதினோரு மணிக்குப் போனது சாயங்காலம் வரை வரவில்லை. நான் மேடையில் இருந்தேன். வருஷப் பிறப்பாக இருந்தும் அன்று லாரி வரிசை மெயின் ரோடு வரை நின்றது. ஜெனரேட்டரில் எடை போட்டுக்கொண்டிருந்தோம். மூன்று மணி நேரம் தாங்கும், அதற்குள் கரண்ட் வந்துவிடும் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டே சீட்டு எழுதினேன்.

பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா சொன்னார். தைக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் இவள் எண்ணுவது காதில் விழுந்ததாம். தினமும் எண்ணுகிறவள்தானே என்று இருந்துவிட்டாராம். "அறுபது வந்ததும் நிறுத்துவாங்க. அன்னிக்கு நிறுத்தல. மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சாங்க. மறுபடி, மறுபடி. அப்புறம் முப்பதோட நின்னுடுச்சு. அப்பதான் எனக்கு என்னமோ மாதிரி இருந்து ஓடினேன்" என்றார்.

பொத்தான்மேல் கை இருந்தது, மாப்பிள்ளை. தான் சரியாக எண்ணவில்லை என்று நினைத்திருப்பாள்.

மார்ச் மாதம் உனக்கு எழுதிய தாள் அவள் தலையணை உறைக்குள் இருந்தது. இதையும் அதோடு வைக்கிறேன்.


மே 16

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சாப்பிடுகிறேன். தூங்கவும் தூங்குகிறேன். நீயும் இரண்டையும் விடாதே.

நீ கண்டுபிடித்தது சரிதான். மிஷின்தான். உன் பேட்டரி ஐந்தரை மாதம் அவளுக்கு உழைத்தது. அதை நீ மறக்கக்கூடாது.

நீ கேட்ட எண். செய்துவிடுகிறேன் என்று எழுதினேனே தவிர, எனக்கு உடனே கை வரவில்லை. நான் பூட்டு போட்டது ஏப்ரல் 18. அவள் போய் நாலு நாள் கழித்து, வண்டியில் பெட்டியைத் திரும்ப மாட்டியபோதுதான் போட்டேன். அதனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நோய் முற்றிவிட்டது, அவ்வளவுதான்.

நீ அனுப்பிய புது செல் நேற்று வந்து சேர்ந்தது. பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

அத்தான்


ஜூன் 1

அன்புள்ள அத்தானுக்கு,

எண் கிடைத்தது. பதினெட்டு. அதை முதலில் படித்தபோது அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் கொல்லவில்லை என்று நினைத்து அழுதேன்.

மறுநாள் வெளிச்சத்தில் திரும்பவும் பார்த்தேன். அந்த எட்டுக்கு அடியில் ஓர் இரண்டு இருக்கிறது. உங்கள் கை முதலில் பழக்கத்தில் உண்மையை எழுதிவிட்டது, பிறகு நீங்கள் அதைச் சுழித்து எட்டாக்கியிருக்கிறீர்கள். ஓர் அடித்தலுக்காகத் தாளையே கிழிக்கிற ஆள் இதை மட்டும் ஏன் கிழிக்கவில்லை என்று ரொம்ப நேரம் யோசித்தேன். இன்னொரு புதுத் தாளில் அந்தப் பதினெட்டைச் சுத்தமாக எழுத உங்களுக்கு மனசு வந்திருக்காது.

பத்தொன்பது வருஷத்தில் நீங்கள் எழுதிய முதல் பொய் எடை எனக்காக. அடித்தல் உள்ள சீட்டு செல்லாதுதான். நான் இதைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

பூட்டு போடச் சொன்னவன் நான். வண்டி நின்றால் யாரும் செத்துவிட மாட்டார்கள் என்று எழுதியவனும் நான். உங்களிடம் இருந்து அந்த வரியைத் திரும்ப வாங்க எனக்கு வழி தெரியவில்லை, அத்தான்.

அன்று நடந்ததை நீங்கள் இன்னும் எனக்குச் சொல்லவில்லை. கடிதத்தில் வேண்டாம். நேரில் சொல்லுங்கள், முழுசாக, எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்து கேட்கிறேன். அந்த வீட்டில் அதை நீங்கள் தனியாகச் சுமந்துகொண்டு இருக்கவேண்டாம்.

வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்துவிட்டேன். மேஸ்திரி அக்டோபர் வரை பொறு என்று கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த லாரியில் இறங்குகிறேன். புது செல்லைப் பிரிக்காதீர்கள், பெட்டியையும் தொடாதீர்கள். அந்தப் பூட்டை நான் வந்து என் கையால் எடுக்கிறேன்.

இந்தத் தடவையும் பாதியில்தான் வருகிறேன். அக்கா வாசலிலேயே நிறுத்தித் திட்டியிருப்பாள்.

பல்பு